ஒரு நாளைக்கா, பத்து வருஷத்துக்கா?

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் கண்ணாடிக்காரம்மா தலையை ஆட்டியது உண்மைதான். வாயைத் திறந்து அவள் 'சரி' என்று சொல்லவில்லை. தட்டுகளை அடுக்கிக்கொண்டே தலையை மட்டும் ஆட்டினாள். இப்படியும் சேராத, அப்படியும் சேராத ஓர் ஆட்டல்.

பெற்ற பிள்ளைகளுக்கு அதுவே போதுமாக இருந்தது. வீட்டை விற்றுவிடுவது; அம்மா பெரியவனோடு அவனுடைய எட்டாவது மாடி வீட்டுக்குப் போய்விடுவது. சின்னவளின் கணவர், அதாவது மாப்பிள்ளை, மறுநாளே தன் அலுவலகத்தில் ஒரு தம்பதியைப் பிடித்துவிட்டார். இன்று மாலை நான்கு மணிக்கு அவர்கள் வீடு பார்க்க வருகிறார்கள்.

இப்போது காலை எட்டு மணி. அதற்குள் அவள் சமையலறைக்கும் பின்வாசலுக்குமாகப் பதினைந்து தடவையாவது நடந்திருப்பாள்.

"ஒரு இடத்துல உக்காரேன்மா. கால்ல சக்கரம் கட்டியிருக்கியா?" என்றான் பெரியவன். அவன் ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளன். யாராவது காரணமில்லாமல் நடந்தால் அவனுக்குப் பொறுக்காது.

"நீ உன் வேலையைப் பாரு."

அவன் வேலை சமையலறை மேடையில் நடந்துகொண்டிருந்தது. அதை வேலை என்று சொல்வதா, மல்யுத்தம் என்று சொல்வதா தெரியவில்லை. இலைகளை ஊதித் தள்ளும் மெஷின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன் வயிற்றிலிருந்து ஒரு பேட்டரியை வெளியே இழுக்கப் பார்த்தான். அது அசைந்து கொடுக்கவில்லை.

"இது உள்ள போச்சும்மா. போனது எப்படி வெளிய வராது?"

"தப்பான வீட்டுக்குள்ள போனா அப்படித்தான்."

விஷயம் இதுதான். அவள் வீட்டுக்காரர் இறந்துபோய் ஒன்பது மாதமாகிறது. அம்மா தனியாக இருக்கிறாளே, கஷ்டப்படக் கூடாதே என்று பெரியவன் இணையத்தில் பார்த்து அந்த இலை ஊதும் மெஷினை வாங்கி அனுப்பினான். அதன் பேட்டரி பச்சை. அவனிடம் சொல்லாமல் சின்னவள் ஒரு டிரில் வாங்கி வந்தாள். அதன் பேட்டரி கறுப்பு. இவர்கள் இருவரிடமும் சொல்லாமல் அம்மா தன் பங்குக்கு ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர் மெஷின் வாங்கிக்கொண்டாள். அது ஆரஞ்சு. ஒருவர் மேல் ஒருவருக்கு அவ்வளவு அக்கறை. அக்கறையில் யாரும் யாரையும் கேட்கவில்லை. இப்போது மேடையில் மூன்று சார்ஜர்கள் உட்கார்ந்து மூன்று நிறத்தில் கண் சிமிட்டிக்கொண்டிருந்தன. மின் அடுப்பைப் போட வேண்டுமென்றால் இரண்டையாவது பிடுங்க வேண்டும். பார்வைக்கு எல்லாம் ஒரே அளவு பேட்டரிகள். ஒன்றின் வாய்க்குள் இன்னொன்று நுழையாது. பெரியவன் கறுப்பைப் பச்சைக்குள் நுழைத்துவிட்டான்.

அவள் கிட்டே வந்தாள். இருபத்தாறு வருடமாக மூக்குக்கண்ணாடிக் கடையில் பிரேமுக்குள் லென்ஸ் பொருத்துகிறவள் அவள். தெருவே அவளைக் கண்ணாடிக்காரம்மா என்றுதான் கூப்பிடும். மெஷினைத் திருப்பினாள். பேட்டரியின் பக்கவாட்டில் நகத்தை வைத்து, எங்கே பிடித்திருக்கிறது என்று தடவிப் பார்த்தாள். ஓர் அழுத்து, ஒரு சின்னத் திருப்பு. வந்துவிட்டது.

"எப்படிம்மா?"

"நீ இழுத்தே. நான் கேட்டேன்."

அந்த வீட்டில் வேலைப் பிரிவினை ஒன்று இருந்தது. சின்னத் திருகெல்லாம் அவள், பெரிய திருகெல்லாம் அவர். கைக்கடிகாரம், கண்ணாடி, ரேடியோக் குமிழ் எல்லாம் அவள் பக்கம். கதவு, அலமாரி, வெளிக்கேட்டு, வேலி எல்லாம் அவர் பக்கம். முப்பத்திரண்டு வருடத்தில் இருவரும் எல்லை தாண்டியதில்லை. இப்போது அவர் பக்கத்து வேலைகள் ஒன்பது மாதமாக அப்படியே நின்றன. கேட்டின் கீழ்க்கீல் கழன்று தரையை உரசியது. குளியலறை அலமாரி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

அப்புறம், வேலி.

வீட்டின் முன்பக்கம் நெடுக வேலிச்செடி. அவர் அதை வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. கேட்டிலிருந்து ஆரம்பித்து நடுவரைக்கும் தோள் உயரத்துக்குச் சீராக வெட்டியிருந்தார். நடுவில் நின்றுபோனது. அன்றிலிருந்து வேலியில் ஒரு படி. இந்தப் பக்கம் தாழ்வு, அந்தப் பக்கம் ஒரு முழம் உயரம். ஒன்பது மாதத்தில் இரண்டு பக்கமும் ஒன்றாகவே வளர்ந்ததால் படி மட்டும் மாறவில்லை. தெருவில் போகிறவர்களுக்கு அது பராமரிப்பில்லாத வேலி. அவளுக்கு அது எந்த இடம் என்று தெரியும்.

அதை வெட்ட ஆள் வந்தான், இரண்டு தடவை. இரண்டு தடவையும் அவள் தலைவலி என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள்.

"இன்னிக்கு வெட்டியே ஆகணும்மா," என்றான் பெரியவன். "வர்றவங்க முதல்ல பாக்கறதே அதைத்தான். மூணாவது ஆளையும் நீ துரத்திட்டா நான் என்ன பண்றது?"

"ஆள் வேண்டாம். நான் வெட்டறேன்."

"எதால? அப்பாவோட மெஷினாலயா?" அவன் குரல் சட்டென்று உயர்ந்தது. "அந்த ஒயர் வச்சதை நீ தொடவே கூடாது. சொல்லிட்டேன்."

"யாரு ஒயர் கேட்டா? ஒயர் இல்லாதது வாங்கலாம். கடை ஒன்பது மணிக்குத் திறக்கும். கிளம்பு."

கடை பெரிய கொட்டகை மாதிரி இருந்தது. ஒரு பக்கம் பெயிண்ட் டின்கள், ஒரு பக்கம் தள்ளுவண்டிகள், நடுவில் கூரை வரைக்கும் மெஷின்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கூட்டம். அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. ஒரு வரிசையில் புகுந்து அடுத்த வரிசையில் வெளியே வந்தாள். பெரியவன் நிமிடத்துக்கு ஒரு தடவை மணி பார்த்தான்.

கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டிய ஒரு விற்பனைப் பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். காதில் பென்சில்.

"என்ன வேலைக்கு சார்?"

"வேலி வெட்டணும். இருக்கறதுலயே பெருசு குடுங்க. அந்த முப்பத்தாறு வோல்ட்."

"யார் பிடிச்சு வெட்டப்போறது?"

பெரியவன் கூரையைப் பார்த்தான்.

"நான்தான்," என்றாள் அவள்.

"அப்ப வோல்ட்டெல்லாம் அப்புறம். கையை நீட்டுங்கம்மா." அந்தப் பெண் பெரிய மெஷினை இறக்கி அவள் இரண்டு கைகளிலும் கொடுத்தாள். "வேலி வெட்டற மாதிரி தோளுக்கு நேரா பிடிங்க. முப்பது வரைக்கும் எண்ணுங்க."

பதினாலில் மணிக்கட்டு நடுங்கியது. பதினெட்டில் மெஷினின் மூக்கு தரையைப் பார்த்தது.

"போதும். கடையில எல்லாருக்கும் பெருசுதான் பிடிக்கும். வீட்டுக்குப் போய் பத்து நிமிஷம் வெட்டிட்டு, தோள் வலிக்குதுன்னு ஷெட்டுல போட்டுடுவாங்க." அவள் இன்னொன்றை எடுத்தாள். குட்டையான வெட்டுப்பல், பதினெட்டு வோல்ட். "இப்ப எண்ணுங்க."

முப்பது வந்தது. "இன்னும் எண்ணவா?"

"வேணாம்மா, கடையை மூடிடுவாங்க." அந்தப் பெண் சிரித்தாள். "உங்க வேலியில தண்டு எவ்வளவு தடிமன் இருக்கும்? குத்துமதிப்பா சொன்னாப் போதும்."

கண்ணாடிக்காரம்மாவுக்குக் குத்துமதிப்பு என்பது ஆகாது. கைப்பையைத் திறந்தாள். கண்ணாடி துடைக்கும் துணியில் சுற்றிய ஒரு குச்சியை எடுத்தாள். வேலியிலேயே தடித்த தண்டு எது என்று தேடி, காலையில் அவள் ஒடித்து வைத்தது.

விற்பனைப் பெண் அதை வாங்கி மேலும் கீழும் பார்த்தாள். "ஆறு வருஷமா இங்க இருக்கேன். இதுவரைக்கும் ஒருத்தர்கூடக் குச்சியோட வந்ததில்ல."

"எங்கம்மா அப்படித்தான்," என்றான் பெரியவன். அலுப்பா பெருமையா என்று அவனுக்கே தெரியவில்லை.

குச்சி பற்களுக்கு நடுவே தாராளமாக உட்கார்ந்தது. "இது போதும். எங்கேயும் சிக்காது. சரி, வீட்டுல வேற மெஷின் இருக்கா? பேட்டரி எந்தக் கம்பெனி?"

அம்மாவும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பச்சை," என்றான் அவன்.

"கறுப்பு, ஆரஞ்சு," என்று அவள் முடித்தாள்.

"மூணு வீட்டுப் பிள்ளைங்களா!" அந்தப் பெண் நெற்றியில் கைவைத்தாள். "ஒண்ணு சாப்பிடறதை இன்னொண்ணு சாப்பிடாதும்மா. மெஷினைப் பாத்து வாங்கக் கூடாது. பேட்டரியைப் பாத்து வாங்கணும். ஒரு பேட்டரியைப் பிடிச்சுட்டீங்கன்னா அப்புறம் வெறும் மெஷினா வாங்கிக்கிட்டே போகலாம். டிரில், ரம்பம், புல் வெட்டறது எல்லாம் அதே பேட்டரியில ஓடும். அதனால மெஷினை எடுக்கறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க. உங்களுக்கு இது ஒரு நாளைக்கா, பத்து வருஷத்துக்கா? ஒரு நாளைக்குன்னா வாங்கவே வேணாம். அங்க வாடகைக்கே தர்றோம். சாயங்காலம் கொண்டுவந்து குடுத்துடலாம்."

"ஒரு நாளைக்கு," என்றான் பெரியவன்.

"பத்து வருஷத்துக்கு," என்றாள் அவள்.

இரண்டு பதிலும் ஒரே நேரத்தில் வந்தன.

விற்பனைப் பெண் அனுபவசாலி. "நான் அந்தப் பக்கம் ஒருத்தரைப் பாத்துட்டு வந்துடறேன்," என்று நழுவிவிட்டாள்.

பெரியவன் குரலைத் தாழ்த்தினான். "அம்மா, நாலு மணிக்கு வீடு பாக்க வர்றாங்க."

"தெரியும்."

"வித்துட்டு எட்டாவது மாடியில எந்த வேலியை வெட்டப்போற? பால்கனியில ரெண்டு தொட்டி இருக்கு. அதுக்கு நகவெட்டி போதும்."

"அதான் சொல்றேன்."

"என்ன சொல்ற? ஒண்ணும் சொல்லலியே. போன வாரம் தலையாட்டினே!"

"தலையைத்தானே ஆட்டினேன்? எல்லாரும் சேர்ந்து என்னையே பாத்தீங்க. ஆட்டாட்டி நீங்க எந்திரிச்சே போயிருக்க மாட்டீங்க."

"இது என்னம்மா விளையாட்டு? மாப்பிள்ளை அவங்ககிட்ட எவ்வளவு சொல்லி வச்சிருக்கார். நானும் ஒரு ரூமைக் காலி பண்ணி வச்சிருக்கேன். உன் மருமக திரைச்சீலைகூட மாத்திட்டா. ஏன் முன்னாடியே சொல்லலை?"

'எனக்கே இப்பத்தான் தெரியும்' என்பதுதான் உண்மை. ஒரு வாரமாகக் காலில் இருந்த அந்தப் பரபரப்பு எதற்காக என்பது, அந்தப் பெண் 'பத்து வருஷத்துக்கா' என்று கேட்ட பிறகுதான் அவளுக்கே விளங்கியது.

"அங்க எனக்கு என்னடா வேலை?" என்றாள் கடைசியில். "காலையில நீ போயிடுவே, அவ போயிடுவா. நான் ஜன்னல்கிட்ட நின்னு லிஃப்ட் சத்தத்தை எண்ணிக்கிட்டிருக்கணும். இங்க என்னால முடியாததெல்லாம் இருக்கு. கேட்டு இருக்கு, அலமாரி இருக்கு. அதையெல்லாம் ஒண்ணொண்ணா முடியவச்சுடலாம்னு தோணுது."

"ஒருநாள் ஏணியில இருந்து விழுந்தா?"

"விழுந்தா போன் பண்ணுவேன்."

"அப்பா பண்ணாரா?"

சொன்ன உடனே அவன் முகம் வெளுத்தது. அவள் பக்கத்தில் மாட்டியிருந்த டிரிலை எடுத்து, அதன் கழுத்து வளையத்தைத் திருப்பினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு 'டிக்'.

விற்பனைப் பெண் சரியான நேரத்தில் திரும்பி வந்தாள்.

"இந்த நம்பர் எதுக்கும்மா?"

"திருகு எவ்வளவு இறுகினதும் நிக்கணும்னு. சின்ன நம்பர்னா லேசா இறுகினதுமே விட்டுடும். மரத்தையும் கெடுக்காது, திருகோட தலையையும் தேய்க்காது."

கண்ணாடிக்காரம்மாவின் முகத்தில் அன்று முதல் தடவையாக ஒரு வெளிச்சம் வந்தது. இருபத்தாறு வருடமாக அவள் விரல்நுனியில் இருந்த சங்கதி அது. ஒரு கால் சுற்று அதிகமானால் லென்ஸ் விரிசல் விடும், குறைந்தால் கழன்று விழும். பெரிய திருகுகளின் உலகத்திலும் அதே கணக்குதான் போலிருக்கிறது. இத்தனை வருடம் அவரும் அதைச் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

"அந்தச் சின்ன டிரிம்மர், ரெண்டு பேட்டரி, ஒரு சார்ஜர். இந்த டிரில் வெறும் மெஷினா," என்றாள். "அதே பேட்டரிதானே?"

"அதே பேட்டரிதான்."

"பத்து வருஷத்துக்குக் கிடைக்குமா?"

"கம்பெனிக்காக நான் சத்தியம் பண்ண முடியாதும்மா. ஆனா ரொம்ப நாளா இதே பேட்டரியைத்தான் விடாம வச்சிருக்காங்க."

பெரியவன் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். வழியெல்லாம் பேசவில்லை. அவன் மௌனத்துக்கும் அப்பாவின் மௌனத்துக்கும் ஒரே தயாரிப்பு. காதுமடல் மட்டும் சிவக்கும்.

புதுப் பேட்டரி பாதி உயிரோடுதான் வரும் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். சார்ஜரில் போட்டார்கள். நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தில் அவள் டிரிலோடு வந்திருந்த தாளை இரண்டு தடவை படித்தாள், பாத்திரங்களைக் கழுவினாள், கழுவியதையே மறுபடி கழுவினாள். பெரியவன் இரண்டு தடவை போனை எடுத்து மாப்பிள்ளையின் எண்ணைப் பார்த்துவிட்டு வைத்தான். மூன்று மணிக்கு வருவதாகச் சொன்ன சின்னவளுக்கு ஒரு செய்தி தட்டினான். அதை அனுப்பாமலேயே அழித்தான்.

சார்ஜர் விளக்கு பச்சையானது.

அவள் கையுறை மாட்டினாள். பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்துப் போட்டாள், கழற்றினாள், மூக்கின் மேல் உட்காரும் பாலத்தை லேசாக வளைத்துத் திரும்பப் போட்டாள். "இதை யாரு செஞ்சானோ, மூக்கே இல்லாதவங்களுக்குச் செஞ்சிருக்கான்," என்று முணுமுணுத்தாள். மகனுக்குச் சிரிப்பு வருமா என்று பார்த்தாள். பெரியவன் வாசற்படியில் வேலிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். ஒன்பது மாதமாக அவன் உட்காருவது எப்போதுமே அப்படித்தான். அவள் அதை இன்றுதான் கவனித்தாள்.

கேட்டுப் பக்கமிருந்து ஆரம்பித்தாள். மெஷின் பெரிய சத்தமெல்லாம் போடவில்லை. தையல் மெஷின் கொஞ்சம் கோபமாக இருந்தால் எப்படியோ, அப்படி. முதல் பத்தடி கோணல்மாணல். பிறகு கை பழகியது. வெட்டுப்பல்லை வேலியின் மேல் படுக்கவைத்து மெல்ல இழுத்தால் போதும், அழுத்த வேண்டியதில்லை என்று புரிந்தது. இலைகள் காலடியில் குவிந்தன. பச்சை வாசனை முகத்தில் அடித்தது.

நடுவுக்கு வந்தாள்.

படி அங்கே இருந்தது. கண்ணுக்கு நேரே, ஒரு முழ உயரத்தில், அவர் நிறுத்திய இடம். அவள் விரல் விசையிலிருந்து தானாக விலகியது. சத்தம் நின்றது. இரண்டு தடவை கையை உயர்த்தினாள், இரண்டு தடவையும் இறக்கினாள்.

சத்தம் நின்றதும் அவன் எழுந்து ஓடி வந்தான். சத்தம் நின்றால் ஓடிவருவது அவனுக்குள் பதிந்துபோயிருந்தது.

"என்னம்மா? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லடா. நின்னுட்டேன், அவ்வளவுதான்."

அவன் அவளையும் வேலியையும் பார்த்தான். மூச்சு வாங்கியது. அப்புறம், யாரோ அவனைப் பின்னாலிருந்து தள்ளிய மாதிரி சொன்னான்.

"அன்னிக்குப் பிளக்கைப் பிடுங்கினது நான்தாம்மா."

"எந்தப் பிளக்கை?"

"அப்பாவோட ஒயரை. சமையலறையில மாட்டியிருந்தார். எனக்கு போன் சார்ஜ் போடணும்னு பிடுங்கிட்டேன். அவர் வெட்டிக்கிட்டிருக்காருன்னு நினைக்கவே இல்லை. 'எவன்டா கரண்ட்டைப் பிடுங்கினது'ன்னு வெளியிலேர்ந்து கத்தினார். நான் பேசாம ரூமுக்குப் போயிட்டேன். அந்த வெயில்ல அவர் ஏணியில இருந்து இறங்கி, உள்ள வந்து, அதை மாட்டிட்டு, மறுபடி போய் ஏறி..." அவன் கண் வேலியின் படிமேல் நின்றது. "இருபது நிமிஷம்மா. மறுபடி ஏறி இருபது நிமிஷம்கூட ஆகலை, நெஞ்சு நின்னுடுச்சு. நான் பிடுங்காம இருந்திருந்தா..."

முப்பது வயது ஆண்பிள்ளை, இலைக்குவியலுக்கு நடுவே நின்று சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அவள் மெஷினைக் கீழே வைத்தாள். கையுறையைக் கழற்றினாள். கழற்றுவதற்கு நேரம் பிடித்தது.

"இதனாலதான் விக்கணும் விக்கணும்னு நின்னியா?"

அவன் குனிந்து காலடி இலைகளைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியும்டா," என்றாள் அவள்.

"என்ன தெரியும்?"

"நீ பிடுங்கினது. அவரே வந்து சொன்னார். சிரிச்சுக்கிட்டே உள்ள வந்தார். 'உன் பையன் பிளக்கைப் பிடுங்கிட்டு ஒண்ணும் தெரியாத பிள்ளை மாதிரி ரூமுக்குள்ள ஓடிட்டான், பரவாயில்ல, எனக்கும் டீ குடிக்க ஒரு சாக்கு'ன்னார். தலையெல்லாம் இலை. நான் டீ போட்டேன். மேடையில சாஞ்சு நின்னுக்கிட்டே குடிச்சார். டாக்டர் வேணாம்னு சொல்லியும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை கேட்டார். நானும் போட்டேன்."

"ரெண்டு ஸ்பூனா?"

"ரெண்டு. பத்து நிமிஷம் நின்னு ஏதேதோ பேசினார். கேட்டுக் கீலைப் பத்தி, உன் வேலையைப் பத்தி. அப்புறம் பிளக்கை மாட்டிட்டுப் போனார்." அவள் வேலியைப் பார்த்தாள், அவனைப் பார்க்கவில்லை. "அவர் ஒரு வேலையை ஆரம்பிச்சா முடிக்காம உள்ள வர்ற ஆளா? நீ பிடுங்கலேன்னா நேரா முடிச்சுட்டுத்தான் வந்திருப்பார். இல்லேன்னா வராமயே போயிருப்பார். எனக்கு அந்தப் பத்து நிமிஷம் கிடைச்சதே உன்னாலதான்டா."

அவன் முகத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"ஏன்மா இத்தனை நாள் சொல்லலை?"

"எனக்குன்னு ஒண்ணு இருக்கட்டும்னு வச்சிருந்தேன். துக்கத்துக்கு வந்தவங்க எல்லாரும் கடைசியா என்ன பேசினார், என்ன பேசினார்னு கேட்டாங்க. இதை யாருக்கும் பிச்சுக் குடுக்க மனசு வரலை. உனக்குள்ள இப்படி ஒண்ணு கிடக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேன்."

தெருவில் ஒரு சைக்கிள் போனது. பெரியவன் குனிந்து அவள் கையுறைகளை எடுத்து, உள்ளே ஒட்டியிருந்த இலைகளை உதறி, அவளிடம் நீட்டினான்.

"ஏணியை நான் பிடிச்சுக்கறேன்," என்றான்.

ஏணி தேவைப்படவில்லை, குளியலறை முக்காலியே போதுமானதாக இருந்தது. ஆனாலும் அவன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவள் ஏறினாள். ஒரு முழ உயரம் அவள் கையால் கீழே விழுந்தது. கிளைகள் விழ விழ, அதற்கு அப்பால் எதிர்வீட்டு ஜன்னலும் சாலையின் திருப்பமும் தெரிய ஆரம்பித்தன. நடுவில் ஒரு பேட்டரி தீர்ந்தது. அவன் இன்னொன்றைக் கொண்டுவந்து மாட்டினான். இந்தத் தடவை இழுக்கவுமில்லை, முட்டவுமில்லை.

நான்கு அடிக்கப் பத்து நிமிடம் இருந்தபோது தம்பதி வந்துவிட்டார்கள். கணவர் நெட்டை. மனைவி கையில் வீட்டின் படம் போட்ட தாள்.

"ரொம்ப அழகா வெட்டியிருக்கீங்க," என்றாள் அந்த அம்மாள், வேலியைத் தடவி. "படத்துல இப்படி இல்லையே."

பெரியவன் அம்மாவைப் பார்த்தான். சொல்ல வேண்டியவள் அவள்தான். தலையாட்டினால் இனிச் செல்லாது.

அவள் முக்காலியிலிருந்து இறங்கினாள். கண்ணாடியைக் கழற்றினாள். "மன்னிக்கணும். உங்களை வீணா அலைய வச்சுட்டோம். இந்த வீடு விக்கறதா இல்லை. தப்பு என்னோடதுதான். போன வாரமே வாயைத் திறந்து சொல்லியிருக்கணும்."

நெட்டைக் கணவருக்குக் கோபம் வந்தது. "உங்க மருமகன் உறுதியா சொன்னாரே?"

"அவர் சொன்னார்," என்றான் பெரியவன். "வீடு அம்மாவோடது. அம்மா இப்ப சொல்றாங்க." சொல்லிவிட்டு, தானே சொன்னதை நம்பாதவன் மாதிரி அம்மா பக்கமாக ஓர் அடி நகர்ந்து நின்றான்.

அந்த அம்மாளுக்குத் தண்ணீர் கொடுத்து, இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்டு, தெருமுனை வரை கூடப் போய் அவள் அனுப்பிவைத்தாள். திரும்பி வரும்போது கேட்டுக்கு முன்னால் சின்னவளின் கார் நின்றிருந்தது. அவள் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"போறாங்களே, அவங்கதானா?" என்றாள் ஜன்னல் வழியாக. "முடிஞ்சுடுச்சா? வித்துட்டியாம்மா?"

"இல்லடி. முடியாதுன்னு சொல்லிட்டேன். மாப்பிள்ளைக்குக் கோபம் வரும். நானே பேசிக்கறேன். நீ ஒண்ணும்..."

"நல்லவேளை," என்றாள் சின்னவள். நெற்றியை ஸ்டியரிங்கில் சாய்த்துக்கொண்டாள். "நல்லவேளைம்மா. வர்ற வழியெல்லாம் அதையேதான் வேண்டிக்கிட்டு வந்தேன்."

வீட்டை விற்றே ஆக வேண்டும் என்று போன வாரம் முதலில் பேச்சை எடுத்தவள் இவள்தான்.

அம்மா காரின் பின்பக்கம் பார்த்தாள். இரண்டு பெட்டிகள். அவற்றின் மேல், கண்ணாடியை முட்டிக்கொண்டு, நீளமாக ஒன்று மடிந்து கிடந்தது. சின்னவள் பிசியோதெரபிஸ்ட். நோயாளிகளைப் படுக்கவைத்துக் கைகால் நீவிவிடும் மடக்கு மேசை அது. அவள் பிழைப்பே அதன் மேல்தான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்த்துவிட்டுக் கணவன் வீட்டுக்குத் திரும்பிப் போகிறவள் எவளும் அதைத் தூக்கிக்கொண்டு வரமாட்டாள்.

"பெரியவனே," என்று அவள் மெதுவாகக் கூப்பிட்டாள். "வந்து இந்தப் பக்கம் பிடி. கனமா இருக்கும்."